அவர் கத்தாத ஆல்பம்

புது ஆல்பம் வந்த அன்று காலை, என் இயர்போன் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நானும் என் கணவரும் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறோம். கடையைத் திறந்து, மெஷின் சூடாகிற நேரத்தில் முதல் பாட்டைக் கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒற்றைக் கிதார் மெதுவாகக் கேட்டது. அப்புறம் ஒரு மவுத் ஆர்கன். அப்புறம் பக்கத்து அறையில் யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி ஒரு குரல். சத்தத்தை முழுக்க ஏற்றினேன். இயர்போனைக் கழற்றி ஊதி, மறுபடி மாட்டினேன். இரண்டாவது பாட்டும் அப்படியே இருந்தது. நான்காவது பாட்டில்தான் எனக்குப் புரிந்தது, இயர்போனில் ஒரு கோளாறும் இல்லை. அவர்தான் இப்படிப் பாடியிருக்கிறார்.

அவர் சினிமாவுக்குப் பாடுகிறவர் இல்லை. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, சின்னக் குழு ஒன்றோடு ஊர் ஊராக மேடையில் பாடுகிறவர். பன்னிரண்டு வருடமாக நான் அவருடைய ரசிகை. அவருடைய முதல் ஆல்பத்தை நானும் என் தங்கையும் சாலவாக்கத்திலிருந்து காலேஜுக்குப் போகிற டவுன் பஸ்ஸில், இயர்போனை ஆளுக்கு ஒரு காதாகப் பகிர்ந்து கேட்டோம். தகரக் கூரைமேல் கல் கொட்டுகிற மாதிரி டிரம்ஸ் அடிக்கும். அதையும் மீறி, தொண்டை கிழிய அவர் கத்துவார்.

நான் வீட்டில் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது. இரண்டாம் வருடத்தோடு படிப்பை நிறுத்தி எனக்குக் கல்யாணம் பேசினார்கள். படிக்க வேண்டும் என்று சொல்ல வாய் வராமல், சம்மதமா என்று அப்பா கேட்டபோது சரி என்று தலையை ஆட்டினேன். அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து அந்த ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்குப் பதிலாக ஒருத்தர் கத்துகிறார் என்று இருந்தது. அதற்கப்புறம் எது நடந்தாலும், மாமியார் ஏதாவது சொன்னாலும், கடையில் யாராவது மரியாதை இல்லாமல் பேசினாலும், அவரைத்தான் கத்த விட்டேன். கணவர் நல்ல மனிதர். ஆனால் இந்தப் பாட்டுகளைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை.

அப்படிக் கத்திய பாடகர் இப்போது ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்திருப்பதைப் பற்றியும், மழை விட்ட ரோட்டில் நடப்பதைப் பற்றியும் முணுமுணுக்கிறார். தங்கைக்குப் போன் போட்டேன். அவள் கல்யாணமாகிக் காஞ்சிபுரத்தில் இருக்கிறாள்.

"கேட்டியாடி?"

"கேட்டுக்கினுதான் கீறேன். நல்லாத்தான்க்கா கீது."

"இன்னா நல்லா கீது? தாலாட்டு மாரி கீது."

"அவருக்கும் வயசாவுதுல்ல? எப்பவும் கத்திக்கினே இருப்பாரா?"

போனை வைத்துவிட்டேன். ஆத்திரம் தாங்கவில்லை. நெட்டில் அந்த ஆல்பத்துக்குக் கீழே, என் பெயர் போடாமல் ஒரு கமெண்ட் எழுதினேன்: "எங்க வூட்டு மாட்டுக் கொட்டாயில இதவிட சத்தம் வரும். பாட்ட நிறுத்திட்டீங்கன்னு சொல்லியிருந்தா நாங்க வேற வேலைய பாத்திருப்போம்." நிறைய பேர் அதற்கு லைக் போட்டார்கள். தங்கைக்கு மட்டும் அதை அனுப்பிக் காட்டினேன். எனக்கு அன்று முழுக்க அது பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் பாடினார். போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். தங்கை விடவில்லை.

உள்ளே போனதுமே திடுக்கென்றது. நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவர் கச்சேரியில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவரும் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தபடிதான் பாடினார். தாடி முக்கால்வாசி நரைத்திருந்தது. மூன்று பாட்டு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து யாரோ பழைய பாட்டைப் பாடச் சொன்னார்கள். அவர் கிதாரை மடியில் சாய்த்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"அதுக்கு முன்னாடி எனக்கு வந்த ஒரு கமெண்டப் படிச்சுக் காட்டறேன்" என்றார்.

மாட்டுக் கொட்டாய் என்ற வார்த்தை மைக்கில் வந்ததும் மண்டபமே சிரித்தது. தங்கை என் தொடையைக் கிள்ளி, "நீ எய்தினதுதான்க்கா" என்றாள். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

அவரும் சிரித்தார். அப்புறம் சாதாரணமாகச் சொன்னார். "எழுதினவங்க சொன்னது சரிதான். சத்தம் கம்மிதான். ரெண்டு வருஷமா எனக்கு இடது காது கேக்கறதில்ல. டிரம்ஸ் பக்கத்துல இன்னும் நின்னா வலது காதும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். கத்தறதுக்குத் தெம்பு இருக்கு. ஆனா நான் பாடறத நானே கேக்கணும் இல்லையா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டை, அந்த ஆஸ்பத்திரி வராண்டா பாட்டை, ஆரம்பித்தார். பத்து தடவையாவது அதைத் திட்டிக்கொண்டே கேட்டிருக்கிறேன். காத்திருக்கிற ஆள் அவர்தான் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் போட்டோ எடுக்க வரிசை நின்றது. "வாக்கா, பஸ்ஸுக்குப் போலாம்" என்று தங்கை கையை இழுத்தாள். நான் வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்ததும் ஏதோ சொன்னேன். அவர் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டி, "இந்தப் பக்கம் சொல்லுங்க, கொஞ்சம் சத்தமா" என்றார்.

"அந்த கமெண்ட் போட்டது நான்தான். மன்னிச்சுக்கங்க" என்றேன். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது.

"மன்னிப்பெல்லாம் வேணாம். எந்தப் பாட்டு பிடிக்கல, அத சொல்லுங்க" என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. "மூணாவது. ஏழாவதும்தான். ரெண்டும் ஒரே மெட்டு மாரி கீது."

"ஏழாவது எனக்கும் பிடிக்கல" என்றார் அவர். "அத எடுத்துடலாம்னுதான் சொன்னேன். குழுவுல யாரும் கேக்கல." அடுத்த ஆள் போனை நீட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் போட்டோ எடுக்காமல் வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்டார். "இன்னா, மூஞ்சி ஒருமாரி கீது?"

நடந்ததைச் சொல்லிவிட்டு, ஐந்தாவது பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டினேன். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"உன் இயர்போன்ல எப்பவும் கத்துவாரே, இவருதானா அது? வார்த்தையெல்லாம் புரியுதே" என்றார். "அப்ப முன்ன பாடினதுலல்லாம் இன்னாதான் கத்திக்கினு இருந்தாரு?"

கல்யாணம் பேசிய அன்று மொட்டை மாடியில் கேட்ட பாட்டிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொன்றும் எதைப் பற்றியது, எப்போதெல்லாம் கேட்டேன் என்று சொன்னேன். டீ ஆறி ஆடை கட்டியது.

"படிக்கணும்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார் கடைசியில்.

"யாருகிட்ட?" என்றேன்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னார்.