மீன்காரன் கேசட்

என் வீட்டுக்காரர் வேலுவுக்குப் பொறாமை கொஞ்சம் கூடுதல். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சிலருக்குச் சர்க்கரை இருப்பதுபோல அவருக்கு அது.

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்று புடவை விரித்துக் காட்டுகிற வேலை அவருக்கு. பக்கத்தில் நிற்பவர் காட்டிய புடவையை ஒரு கல்யாண வீட்டார் எடுத்துவிட்டால் போதும், அன்று சாப்பிட உட்காரும்போது அந்தப் புடவையைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவார். "ஜரிகையா அது, அலுமினியம்" என்பார். மந்தைவெளியில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் எதிர்வீட்டு முருங்கை கொத்துக் கொத்தாகக் காய்த்தபோது, "பூச்சி வெக்கும் பாரு" என்றார். சொன்னபடியே வைத்தது. மருந்து வாங்கி வந்து, ஏணி போட்டு ஏறி அடித்துக் கொடுத்தவரும் அவர்தான். அவருடைய பொறாமை அந்த மாதிரி. யாருக்கும் கெடுதல் செய்யாது, அவரை மட்டும் தூங்கவிடாது.

ஊரில் இத்தனை பேர் இருக்க, அவர் அதிகமாகப் பொறாமைப்பட்டது என்மேல்தான். காரணம் ஒரு டிவி கேம்.

அது எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் இருந்தது. வெள்ளையும் சிவப்புமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி, மஞ்சள் நிறத்தில் தடித்த கேசட் ஒன்று, ஒயரோடு இரண்டு ஜாய்ஸ்டிக். திருவல்லிக்கேணியில் மேன்ஷனில் தங்கியிருந்த காலத்தில் அவரும், அதே கடையில் பிளவுஸ் துணிப் பிரிவில் இருக்கும் அஃப்தாபும் சேர்ந்து வாங்கியது. கேசட்டில் ஏகப்பட்ட ஆட்டங்கள் இருந்தும் அவர்கள் ஆடியது ஒன்றைத்தான். அதன் பெயர் யாருக்கும் புரியாத எழுத்தில் வரும். மீன்காரன் என்று இவர்களாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

ஆற்றில் ஒரு படகு, படகில் கூடையோடு ஒருவன். தண்ணீரிலிருந்து மீன் துள்ளும். அது மறுபடி தண்ணீரில் விழுவதற்குள் படகைக் கொண்டுபோய்க் கூடையில் ஏந்த வேண்டும். மீனுக்கு நூறு. மூன்று மீனைத் தவறவிட்டால் படகு கவிழ்ந்துவிடும். இதற்கு நடுவில் காக்கைகள் வந்து பறக்கிற மீனைக் கொத்திக்கொண்டு போகும். கல் எறிந்து காக்கையை விழவைத்தால் ஐநூறு. போகப் போக ஆறு வேகமாக ஓடும். அவ்வளவுதான் ஆட்டம்.

எங்களுக்குக் கல்யாணமான சமயத்தில்தான் அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுத்தது. புது டிவியில் மீன்காரனைப் பார்க்க அஃப்தாப் ஒரு புதன்கிழமை பிரியாணியோடு வந்தார். புதன்தான் அவர்களுக்கு வார லீவு. இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஆடினார்கள். என் வீட்டுக்காரர் எழுபத்தோராயிரம் எடுத்தார். அதற்குமுன் அவ்வளவு எடுத்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் அஃப்தாப் ஜாய்ஸ்டிக்கை என் பக்கம் நீட்டினார்.

"அண்ணி, நீங்க ஒரு கை பாருங்க."

"அவளுக்கு இன்னா தெரியும் பாய், குடு இப்டி" என்றார் இவர்.

எனக்குத் தெரியும். டிவி வந்த நாளிலிருந்து இவர் ஆடுவதை அடுப்படி வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். காக்கை கொண்டுபோகிற மீன் தவறிய கணக்கில் சேராது. இவருக்கு அது தெரிந்தும், ஒரு காக்கை மீனோடு போவதைப் பார்த்தால் பொறுக்காது. அதைத் துரத்திக் கல் எறியப் போய் இந்தப் பக்கம் விழும் மீனை விட்டுவிடுவார். நான் காக்கைகளை அவற்றின் பாட்டுக்குப் போகவிட்டேன். படகு கவிழ்ந்தபோது எழுபத்தெட்டாயிரத்து நானூறு இருந்தது.

அஃப்தாப் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "மச்சி, உன் மூஞ்சியப் பாத்தா மீனு பயந்துகினு ஓடுது. அண்ணி சும்மா குந்திகினு கீறாங்க, தானா வந்து கூடைல வுழுது."

மறுநாள் கடை முழுக்கத் தெரிந்துவிட்டது. புடவை விரிக்கும்போதே பக்கத்திலிருந்து கேட்பார்களாம், "வேலு, இன்னிக்கு வூட்ல மீன் கொழம்பா? யாரு புடிச்சது?" என்று.

அதன்பிறகு அவர் ஜாய்ஸ்டிக்கை என்னிடம் கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் திடீர் திடீரென்று ஏதாவது கேட்பார். அன்று எப்படிப் பிடித்திருந்தாய், விரல் நுனியால் அமுக்கினாயா, நடுவாலா என்று. "சும்மாதான் புடிச்சேன்" என்பேன். நம்பமாட்டார். நான் வெண்டைக்காய் நறுக்கும்போது என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எனக்கு அது பிடித்திருந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். என் தங்கை பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவதை வாசலில் நின்று பார்த்தவள். பிறகு அவளுடைய வேலையைப் பார்த்தேன், அவள் பேசுகிற தைரியத்தைப் பார்த்தேன். பொறாமை எனக்கும் தெரியும், எப்போதும் நான்தான் படுவேன். என்னைப் பார்த்து ஒருவர் வயிறு எரிவது அதுவே முதல் தடவை. அந்த எழுபத்தெட்டாயிரத்து நானூறை நான் யாரிடமும் பேசியதில்லை. ஆனால் ஒருநாளும் மறந்ததில்லை.

அவரும் மறக்கவில்லை. அதனால்தான் அந்த ஆட்டம் இத்தனை வருஷம் உயிரோடு இருந்தது.

எங்கள் பெண் நிலா பிறந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு இலவச டிவி இருட்டிக்கொண்டு வந்தது. சுவரில் மாட்டுகிற தட்டை டிவி வாங்கினோம். அதில் பெட்டியை மாட்டினால் படம் வந்தது, ஆனால் பட்டனை அமுக்கினால் படகு கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்ந்தது. அந்த யோசனைக்குள் மீன் விழுந்துவிடும். "இந்த டிவில ஆடினா நான் சாவுற வரிக்கும் எழுபது தாண்டமாட்டேன்" என்றார். அந்த வாரமே தெருவில் விசாரித்து, யார் வீட்டுப் பரணிலோ கிடந்த இன்னொரு இலவச டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது போனதும் மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீட்டிலிருந்து வேறொன்று. அதில் இருந்து எடுத்து இதில் போடலாம் என்று போனதையும் வைத்துக்கொண்டார். ஜாய்ஸ்டிக் பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்தால் பழைய டிவி ரிமோட்டைப் பிரித்து அதிலிருக்கும் ரப்பரை வெட்டி வைப்பார். கேசட்டின் பித்தளைப் பற்களை நிலாவின் அழிரப்பரால் தேய்ப்பார்.

"வூட்ல நாம குந்த எடம் இல்ல, டிவிங்க குடும்பம் நடத்துது" என்றாள் நிலா.

இவ்வளவும் செய்து புதன்கிழமைதோறும் ஆடுவார். எழுபத்து மூன்று வரும், எழுபத்தைந்து வரும். ஒரு காக்கை வரும். எழுந்துபோய் முகம் கழுவிக்கொள்வார்.

போன வருஷம் எங்கள் வீட்டுக்குச் சாய்நாத் என்று ஒருவர் வந்தார். மயிலாப்பூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை. அம்மாவோடு புடவை எடுக்க வந்தவரிடம் அஃப்தாப் பேச்சுக் கொடுத்ததில், பழைய கேம்களைச் சேர்த்து, புது மெஷின்களில் ஓடும்படி நகல் எடுத்து வைப்பது அவருக்குப் பழக்கம் என்று தெரிந்திருக்கிறது. மஞ்சள் கேசட்டைக் கையில் வாங்கியதும் குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார்.

"இது வேற எங்கேயுமே கிடைக்கலை அண்ணா. கேட்டுண்டே இருக்கேன். எங்காத்து மாடி ரூம்ல இந்த மாதிரி பெட்டியே ஒம்பது இருக்கு, டியூப் டிவி ஆறு. இந்த ஆட்டம் மட்டும் இல்லை."

ஆறு டிவி என்றதும் என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்த்தேன். "ஆறும் ஓடுதா சார்?" என்று கேட்டார். ஓடுகிறது என்றதும் எங்கள் டிவியைத் திரும்பிப் பார்த்தார்.

சாய்நாத் ஒரு சின்னக் கருவியில் கேசட்டைச் சொருகி, உள்ளே இருந்ததை லேப்டாப்பில் இறக்கினார். முதலில் ஆறு பேய் பிடித்ததுபோல ஓடியது. வெளிநாட்டு வேகத்தில் ஓடுகிறது, நம் ஊருக்கு வந்த பெட்டிகள் சற்று மெதுவானவை என்று சொல்லி எதையோ மாற்றினார். சரியாகிவிட்டது. அதே படகு, அதே காக்கை. கவிழ்வதற்கு முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு, கவிழ்ந்தால் மறுபடி அந்த இடத்திலிருந்தே ஆடலாம் என்றும் காட்டினார்.

"அப்ப சாவே கெடியாதா?" என்றார் இவர். "அது இன்னா சார் ஆட்டம்?"

"வேணாம்னா அதைத் தொடாம ஆடுங்கோ அண்ணா. ஆனா உங்க டிவி இன்னும் எத்தனை நாள் வரும்? பெட்டியையும் கேசட்டையும் எங்கிட்ட குடுத்தா பத்திரமா வெச்சுப்பேன். நீங்க எப்ப வேணா வந்து பாக்கலாம்."

அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் டிவியில் படம் இரண்டு பக்கமும் சுருங்க ஆரம்பித்திருந்தது. தெருவில் வேறு டிவியும் இல்லை.

"தரேன் சார்" என்றார் என் வீட்டுக்காரர், என்னைப் பார்த்துக்கொண்டே. "ஒரு வேல பாக்கி கீது. அது முடிஞ்சதும் தரேன்."

படம் வாரத்துக்கு வாரம் ஒடுங்கியது. கடைசியில் ஆற்றின் இடது கரையே தெரியவில்லை. படகு அந்தப் பக்கம் போனால் காணாமல் போய்விடும், குத்துமதிப்பாகத் திருப்பிக் கொண்டுவருவார். அந்த மாதிரி ஒரு புதன்கிழமை அஃப்தாப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நான் பூண்டு உரித்துக்கொண்டிருக்க, எழுபத்து ஆறைத் தாண்டினார். எழுபத்து ஏழு. அஃப்தாப் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். எழுபத்தெட்டாயிரத்து நூறு. இரண்டு மீன் ஏற்கெனவே போயிருந்தது. இன்னொன்று விழுந்தால் கவிழ்ந்துவிடும்.

வலது ஓரத்தில் ஒரு மீன் துள்ளியது. அதே சமயம் மேலே ஒரு காக்கை வேறொரு மீனோடு போனது. மீனைப் பிடிப்பதா காக்கையை அடிப்பதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இவர் காக்கையைத்தான் அடிப்பார், கவிழ்ந்துவிடுவார் என்று நிம்மதியாக இருந்தேன். கவிழட்டும் என்றே நினைத்தேன். அவர் காக்கையைத்தான் அடித்தார். கல் பட்டது. மீன் தண்ணீரில் விழுந்து படகு கவிழ்ந்தது. காக்கைக்கு ஐநூறு சேர்ந்து திரையில் எழுபத்தெட்டாயிரத்து அறுநூறு நின்றது.

"காக்கா போட்ட பிச்ச மச்சி" என்றார் அஃப்தாப்.

"பிச்சயோ பிரியாணியோ, நம்பரு இன்னா சொல்லுது? போட்டோ எடு பாய்."

போட்டோ எடுத்தார்கள். நான் பூண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இத்தனை வருஷம் அவரைக் கெடுக்கும் என்று நான் நினைத்திருந்த குணமே அவருக்குக் கொடுத்துவிட்டது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த வாரம் அவர் வேறு ஆளாக இருந்தார். பக்கத்து ஆள் விற்ற புடவையை நல்ல புடவை என்றார். எதிர்வீட்டு முருங்கைக்காயை வாங்கிச் சாம்பார் வைக்கச் சொன்னார். என்னிடம் ரொம்ப அன்பாக இருந்தார். டீயைக் கொடுத்தால் என் விரலைப் பார்க்காமல் டீயைப் பார்த்து வாங்கிக்கொண்டார். அவருக்கு என்னிடம் கேட்க ஒன்றுமில்லை. சமைப்பவள், துவைப்பவள், நிலாவின் அம்மா என்பதோடு நான் முடிந்துவிட்டேன். பொறாமை போன கண்ணில் நான் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. திரையில் இருந்த அந்த அறுநூறை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை காலையில் சாய்நாத்தை வரச்சொல்லியிருந்தார். பெட்டியைத் துடைத்து, ஒயரைச் சுருட்டி, கேசட்டை ஒரு பட்டுப்புடவை அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார்.

"எட்த்துக்கினு போங்க சார். என் வேல முடிஞ்சிது."

"குடுக்க முடியாது" என்றேன் நான். யார் காதிலும் விழவில்லை. முன்னால் வந்து மறுபடி சொன்னேன்.

இவர் திரும்பினார். "இன்னா ரத்னா? அதான் சார் காப்பி எட்த்துட்டாரே. கம்ப்யூட்டர்ல கீது."

"அது அவரு வெச்சிக்கட்டும். இது இங்க இருக்கட்டும்."

"எதுக்கு?"

"எனக்கு ஒரு கை ஆடணும்."

"உனக்கா? எத்தினி வருசமா அதத் தொடவே இல்லியே நீ."

"நீங்க குடுத்தீங்களா?"

சாய்நாத் எங்கள் இருவரையும் பார்த்தார். எதற்கு என்று அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, அட்டைப்பெட்டியை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார். "நகல் இருக்கு, அது போதும் அக்கா. ஆனா ஒண்ணு, அந்த டியூப் இனிமே தாங்காது. ஆட்டம் நடுவுலயே போயிடும்."

"தெரியும்" என்றேன்.

அவர் போனதும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மார்க்கெட் பக்கம் குலாம் ரசூல் என்பவர் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். அந்த வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன். எந்தக் கடைக்காரரிடமும் நான் முதலில் பேசினவள் இல்லை. அன்று பேசினேன்.

"பழைய டிவி இருக்குதா பாய்? பின்னாடி பெருசா இருக்குமே, அது."

"மூணு கெடக்குதும்மா. மீன் தொட்டி பண்ணவா? இப்பல்லாம் அதுக்குத்தான் கேக்குறாங்க. உள்ள இருக்கறதெல்லாம் பிரிச்சிட்டு வெறும் கூடா குடுக்கறேன்."

"எதையும் பிரிக்காதீங்க. படம் ஓடணும்."

"படமா?" என்று அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் ஒயர் இழுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். இரண்டு அசையவில்லை. மூன்றாவது கொஞ்ச நேரம் முனகிவிட்டு, மூலைக்கு மூலை நிறைவாக வெளிச்சம் காட்டியது. ஆட்டோ வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வாசலில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் ஆட்டோவுக்குள் இருந்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு பக்கம் பிடித்தார். இருவருமாக உள்ளே கொண்டுவந்து வைத்தோம். ஒயரை அவர்தான் மாட்டினார், அதில் அவர் கை சுத்தம். படம் வந்தது. ஆற்றின் இரண்டு கரையும் தெரிந்தன. அவர் டிவிக்கு முன்னால் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடியே ஜாய்ஸ்டிக்குக்காகத் தரையில் தடவினார். அது என் கையில் இருந்தது.

"கொஞ்சம் தள்ளிக் குந்துங்க" என்றேன். "மறைக்குது."