எரிமலைத் தீவுக்கு ஒன்பது நாள் வெயிட்டிங்

கண்டெய்னர் லாரி ஓட்டுவது என் வேலை. ஓட்டுவது என்று சொல்வது கொஞ்சம் பெருமைக்காக. நிஜத்தில் நிறுத்துவதுதான் வேலை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக கேட்டைப் பார்த்தபடி, முன்னால் நிற்கிற வண்டியின் பின்விளக்கை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதற்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் லைன். இருபத்தாறு வருஷத்தில் டயர் தேய்ந்ததைவிட எனக்கு சீட் தேய்ந்ததுதான் அதிகம்.

என் மனைவியிடம் நான் வாழ்க்கையில் அதிகம் சொன்ன வாக்கியம், "லைன்ல நிக்கிறேன்." மகள் பிறந்தபோது அதைத்தான் சொன்னேன். திருவொற்றியூரில் வாடகை வீடு மாறி, புது அடுப்பில் அவள் பால் காய்ச்சியபோதும் அதேதான். அரை மணியில் வருகிறேன் என்பேன். பால் தயிரான பிறகு வருவேன்.

அந்த மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு ரீயூனியன் என்ற தீவுக்கு டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொன்னாள். இந்தியப் பெருங்கடலில், மொரீஷியசுக்குப் பக்கத்தில். அதில் உயிரோடு இருக்கிற எரிமலை. "அங்க கார் எடுத்துக்கலாம். நீ டிரைவர், அம்மா பக்கத்து சீட்டு" என்றாள்.

எனக்கு அந்தப் பக்கத்து சீட்டுதான் மனதில் நின்றது. கம்பெனி வண்டியில் குடும்பத்தை ஏற்றக் கூடாது. சொந்தமாகச் சைக்கிள்கூட இல்லை. நான் வண்டி ஓட்டி என் மனைவி பார்த்ததே கிடையாது. எல்லாம் காதால் கேட்டதுதான். அங்கே ஸ்டியரிங் இடது பக்கமாம். இங்கே டிரைவர் உட்காருகிற பக்கம் அவள் உட்காருவாள். வீட்டு நடைமுறைக்கும் அதுதான் பொருந்தும்.

ஆனால் அவள் அவ்வளவு சுலபமாகச் சரி சொல்லவில்லை. இறால் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர் அவள்.

"ஆறு நாள்தான் லீவு குடுப்பாங்க. அதுல ஒரு நாளு கூட உனக்கோசரம் நான் காத்துனு கெடக்க மாட்டேன். நாயித்திக்கெழமைக்குள்ள பிளான் போட்டுக் காட்டு. சரியா கீதுன்னா வரேன். இல்லாங்காட்டி நீ மட்டும் போயி எரிமல வாயில எட்டிப் பாத்துட்டு வா."

நான் லைனில் உட்கார்ந்தே பிளான் போட்டேன். கேபினில் வரைபடத்தைத் திறந்தபோது தலையே சுற்றியது. கடலுக்கு நடுவே ஒரு பச்சைக் கட்டி. அதன் ஓரமாகவே ஒரு ரோடு, வளையல் மாதிரி. உள்ளே மேகத்தைத் துளைத்துக்கொண்டு மலை. கண்ணாடிக்கு வெளியே மணலிக்குப் போகிற டேங்கர் லாரி ஒன்று புகைவிட்டுக்கொண்டிருந்தது. உலகத்தில் இப்படி ஒன்றும் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று அந்த டேங்கர்மேல் கோபம் வந்தது.

பின்னால் நின்ற வண்டியின் டிரைவர், தண்டையார்பேட்டை பாய், என் தோஸ்து. இறங்கி வந்து ஜன்னலில் தலையை விட்டார்.

"இன்னா மாமு, எரிமலைக்கு இன்னா லோடு?"

"என் பொண்டாட்டி."

"ரிட்டன் லோடு?"

"அவளேதான். கோவம் மட்டும் அங்கியே எறக்கிட்டு வரணும்."

"அப்ப கிரேன் சொல்லி வெச்சுடு."

இரண்டு பேரும் சேர்ந்து அனுபவசாலிகளாகத் திட்டமிட்டோம். ஏர்போர்ட் விட்டு வெளியே வர, வெயிட்டிங் இரண்டு மணி. வழியில் ஒரு துறைமுக ஊர். "ஆர்பர் கீது மாமு, அரை நாளு போடு" என்றார் பாய். ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு மணி. எரிமலை கேட்டில் ஒரு ராத்திரி ஹால்ட். இப்படியே வளையலைச் சுற்றி முடித்தபோது ஒன்பது நாள் வந்தது. இதற்கு மேல் குறைக்க மனிதனால் முடியாது என்று பாயே சான்றிதழ் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும் பிளான் எழுதிய தாளை மனைவியிடம் நீட்டினேன். அவள் விரல் வைத்து வரிவரியாக இறங்கினாள்.

"இதுல வண்டி ஓடுறது எத்தினி மணி?"

கூட்டிப் பார்த்தேன். "ஆறு மணி."

"மிச்சம்?"

"வெயிட்டிங்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "அந்த ஊர்லயும் லைனா யா?" என்றாள், மெதுவாக. திட்டியிருக்கலாம்.

"ரோடுன்னு ஒண்ணு இருந்தா லைன் இருக்காதா?"

"யாரக் கேட்ட?"

"பாயக் கேட்டேன்."

"பாய் எப்ப யா எரிமலைக்குப் போனாரு? போன எடு."

மகள் அனுப்பியிருந்த கார் வாடகைக் கடை எண்ணுக்கு என் மனைவி எதிரிலேயே பேசினேன். என் ஆங்கிலமும் லைனில் நிற்கிற வகைதான். ஆனாலும் அந்த ஆள் பொறுமையாகக் கேட்டார். தீவை முழுசாகச் சுற்ற ஒரு நாள் போதும் என்றார். நடுவில் நிதானமாகச் சாப்பிட்டாலும் ஒரே நாள்தான். கேட்டில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்றேன். "எந்த கேட்?" என்றார். மூன்று விதமாகக் கேட்டும் அவருக்குக் கேட் புரியவில்லை. தலைநகரத்தில் மட்டும் காலையில் நெரிசல் இருக்கும், அரை மணி ஆகலாம் என்று சொல்லி, அந்த அரை மணிக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். அந்த வளையல் ரோடு முழுசும் சேர்த்தே, இங்கிருந்து நெல்லூருக்குப் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஒரு தீவையே காலையில் புறப்பட்டுச் சாயங்காலத்துக்குள் சுற்றி வந்துவிடலாமாம். ரோடு என்றால் நகர்வது என்று, இத்தனை வருஷம் ரோட்டிலேயே குடியிருந்த எனக்குத் தெரியவில்லை.

அவள் போனை வாங்கி வரைபடத்தைத் தள்ளிக்கொண்டே போனாள். தீவின் கிழக்கே நிறுத்தினாள். பச்சைக்கு நடுவில் கறுப்பாக ஒரு பட்டை, மலையிலிருந்து கடல்வரை.

"இது இன்னாது? தார் கொட்டிக்கினு கீதா?"

படங்களைத் திறந்து பார்த்தோம். மலை உருகி வழிந்த இடம். நெருப்பாக இறங்கி, ரோட்டைக் கடந்து, கடலுக்குள் விழுந்து, கல்லாகி நின்றிருக்கிறது. அது ஆறியதும் அதன் மேலேயே திரும்ப ரோடு போட்டிருக்கிறார்கள். மறுபடி வழியும், மறுபடி போடுவார்கள். மேலே இறுகினாலும் அடியில் சூடு தணிய வருஷக்கணக்கில் ஆகுமாம். மழை பெய்தால் ரோட்டோரம் ஆவி கிளம்புமாம்.

எங்கள் பக்கம் கடல் ரோட்டைத் தின்னும். நாங்கள் லாரி லாரியாகக் கல் கொட்டி அதைத் தடுப்போம். அங்கே மலையே வந்து கடலுக்குள் நிலம் போடுகிறது. போன் திரையிலேயே அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அவள் பேனாவை எடுத்தாள். என் வெயிட்டிங்குகளை ஒவ்வொன்றாக அடித்தாள். ஏர்போர்ட் போனது, பாலங்கள் போயின, பாயின் அரை நாள் போனது. போய் வருகிற நாளையும் சேர்த்து எல்லாம் ஆறு நாளுக்குள் அடங்கியது. கடைசியில் அந்தக் கறுப்புப் பட்டை வருகிற இடத்தில் அவளே எழுதினாள்: வெயிட்டிங், மூணு மணி.

"அங்க கேட்டே இல்லியே, இன்னாத்துக்கு?"

"இத்தினி வருசமா நீ எதையோ பாத்துகினு நிக்கிற. ஒரு தபா நானும் உன் பக்கத்துல ஒக்காந்து பாக்குறேன். பாக்கறதுக்கு எதுனா இருக்குற எடத்துல." தாளை என் பக்கம் தள்ளினாள். "நாளிக்கு லீவு எழுதிக் குடுத்துடறேன்."

நான் பேனாவை வாங்கி, மூணு மணியை மூணரை ஆக்கினேன். பழக்கம்.