சிவப்பு உறை வராத சாவு

யௌ கிட்-மான் சாக வேண்டும் என்று ஹாங்காங்கே ஆசைப்பட்டது. எல்லோரையும்விட அதிகமாக ஆசைப்பட்டவன் அவன்தான்.

நான் சௌ-ஃபன். தொலைக்காட்சி நிலையத்தில் மேக்கப் போடுகிறவள். அவன் முதன்முதலாக ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து எனக்கு அவனைத் தெரியும். ஷெக் கிப் மெய் குடியிருப்பில் பிறந்தவன். அங்கே ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட இடத்திலும் பாடிப் பாடியே வளர்ந்து, பாட்டுப் போட்டியில் ஜெயித்து வந்தான். நிலையத்தார் உடனே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஒரே ஒரு நாடகத்துக்குத் தலைப்புப் பாட்டுப் பாடக் கொடுத்தார்கள். டாக்ஸிக்காரன்கூட அதை முணுமுணுத்தான். அப்புறம் எந்தப் புண்ணியவானோ, "இவன் கண்ணுல ஒரு கள்ளத்தனம் இருக்கு" என்று சொல்லித் தொலைத்தான். அதோடு பாட்டு போச்சு.

சொத்துக்காகப் பெற்ற தாயை மாடிப்படியில் தள்ளிவிடும் மகன் வேஷம் கொடுத்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்து நாடகம். ஊரே சோற்றுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவனைச் சபித்தது. சந்தையில் மீன்காரி கத்தியை ஓங்கினாள்.

"ஆத்தாளத் தள்ளினவனுக்கு மீனு கேக்குதோ? போடா அந்தப் பக்கம்!"

பக்கத்தில் பையோடு நின்றவள் அவனைப் பெற்றவள். "நான்தாம்மா இவனோட அம்மா. தங்கமான புள்ள" என்றாள்.

"அடப்பாவமே! நீங்களாச்சும் மாடிப்படிப் பக்கம் போகாம இருங்க."

இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

கடல் தாண்டி மக்காவ் நகரத்து ஹோட்டல் ஒன்று அவனைக் கூப்பிட்டது. வாத்தியக்காரர்களோடு தினமும் சாயங்காலம் பாட வேண்டும். நிலையத்தார், "நாடகத்துல உன் பாத்திரம் செத்ததும் போ, அதுவரைக்கும் வாயைத் திறக்காதே" என்றார்கள். அன்றிலிருந்து கதை எழுதுகிறவர்களுக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்துக் கெஞ்சினான். "அண்ணே, எப்படி வேணாலும் கொல்லுங்க. நாய் கடிச்சாலும் பரவாயில்ல."

கடைசியில் மனம் இரங்கினார்கள். அம்மாவைத் தள்ளிய அதே மாடிப்படியில் அவனே உருண்டு விழ வேண்டும். அன்று காலையில் மேக்கப் போடும்போது நாற்காலியிலேயே பாடினான். "அக்கா, ரத்தத்தை நல்லாவே ஊத்துங்க, சந்தேகமே வரக்கூடாது" என்றான். நான் தாராளமாகவே ஊற்றினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கேமரா முன்னால் செத்தவனுக்கு அந்த இடத்திலேயே சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுத்துவிட வேண்டும். அவனும் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பீடை கூடவே வீட்டுக்கு வரும். டைரக்டர் லோக் ஒரு முறைகூட இதைத் தவறவிட்டதில்லை. சாவது வெறும் கூட்டத்து ஆளாக இருந்தாலும் உறை உண்டு.

விழுந்தான். "கட்!" என்றார் லோக்.

சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு கிட்-மான் தரையிலேயே கிடந்தான். விளக்குகளை அணைத்தார்கள். யாரும் அவன் பக்கம் வரவில்லை. லோக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, உறை?"

"எந்திரிடா, கிட்-மான்."

"மறந்துட்டீங்களா அண்ணே? நான் செத்துட்டேன்ல."

"மேலிடத்துல ஒத்துக்கலடா. உன்னைத் திட்டறதுக்குத்தான் ஜனங்க டிவியே போடறாங்களாம். நீ சாகல. கோமா."

அடப்பாவிகளா! செத்தவனுக்குக் கொடுக்கிற மரியாதைகூட அவனுக்கு இல்லை. என் பையிலிருந்த சிவப்பு உறையை எடுத்து நீட்டினேன். "வேண்டாம்க்கா, நான்தான் சாகலையே" என்று சொல்லிவிட்டு ரத்தத்தைக் கழுவப் போனான். மக்காவ் ஹோட்டலில் பாட வேறு ஒருவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். வாயில் குழாயைச் செருகிப் பிளாஸ்திரி போடுவது என் வேலை. வசனம் கிடையாது. சுற்றி நின்று மற்றவர்கள் சண்டை போடுவார்கள், அவன் கண்ணை மூடிக் கிடப்பான்.

ஒருநாள் படப்பிடிப்பு நடுவில் ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றிக் கத்தினார்.

"யாருப்பா பாடறது? மைக்குல விழுது!"

எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டோம். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் விழுந்தது. லோக் கட்டிலருகே போய்க் குனிந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன், மெதுவாகத்தான் கேட்டார்.

"தம்பி, கோமாவுல கிடக்கறவன் பாடுவானாடா?"

கிட்-மான் கண்ணைத் திறக்கவில்லை. லோக் என் பக்கம் திரும்பி, "இன்னொரு பிளாஸ்திரி போடு, சௌ-ஃபன்" என்றார்.

போட்டேன். என் விரலுக்கடியில் அந்தத் தலைப்புப் பாட்டு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. அழுத்தி ஒட்டினேன்.