படுக்கையறைக் கொடி

எங்கள் வீட்டில் துணி காயப்போடும் கொடி படுக்கையறையில் இருந்தது. மொட்டை மாடியில் வெயில் சும்மா கொட்டிக் கிடந்தது. ஆனாலும் கதவைச் சாத்தி, ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைச் சுழலவிட்டு, கட்டிலுக்கு மேலே மனைவியின் காக்கிச் சீருடையைக் காயப்போட்ட மகா புத்திசாலி நான்தான்.

நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவன். ஆலையை இழுத்து மூடியபிறகு எனக்கு வேலை கிடைக்கவில்லை; அவளுக்கு நகரப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்தது. அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று கொஞ்சநாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் அவள் பேருந்தில் ஏறினேன். சந்தைத் திருப்பத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அலட்டிக்கொள்ளாமல் வளைத்தாள். அன்றோடு அந்தப் பேச்சை விட்டேன்.

சமைக்க நான் வெட்கப்படவில்லை. சமையலறைக்குக் கதவு இருக்கிறது. மகளுக்குத் தலை பின்னவும் பழகினேன். கோணல் வகிட்டைப் பார்த்து யாராவது கேட்டால், "நானே பின்னிக்கிட்டேன்" என்று சொல்ல அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தேன். ஆனால் எதிர்வீட்டு மெக்கானிக் பார்க்க, மாடியில் நின்று பெண்டாட்டியின் கால்சட்டையை உதறிக் காயப்போடுவதா? மீசை வைத்தவன் செய்கிற காரியமா? பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடுமாம். நான் ஜன்னலை மூடினேன்.

குளிர் தொடங்கியதும் துணி சரியாகக் காயவில்லை. ஈரவாடை வந்தது. பவுடர் தூவிப் பார்த்தேன். புதுவித நாற்றம் ஒன்று பிறந்தது.

புதிதாகச் சேரும் பெண் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தரும் வேலைக்கு அவள் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. அவள் ரொம்ப ஆசைப்பட்ட வேலை. ஒருநாள் மாலை வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

"என்னாச்சு?"

"பயிற்சிக்கு வேற ஆளப் பாக்கப் போறாங்களாம். மேனேஜர் எல்லார் முன்னாடியும் சொல்றாரு, 'உடுப்பு நாறுது. ஒரு துணிய ஒழுங்கா துவைக்கத் தெரியல, நீ மத்தவங்களுக்கு என்னத்தம்மா சொல்லிக்குடுக்கப் போற'ன்னு."

"நீ என்ன சொன்ன?"

"நேரம் கிடைக்கல சார், இனிமே நல்லா துவைக்கிறேன்னு சொன்னேன்."

"நீ துவைக்கிறதா சொன்னியா?"

"பின்ன? உங்களக் காட்டிக்குடுக்கவா?"

பேருந்து நிறைய ஜனங்களோடு என் மீசையையும் சேர்த்து அவள்தான் சுமந்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் அவளுடைய இன்னொரு சீருடையை அலசி, வாளியோடு மாடிக்குப் போனேன். எதிர்வீட்டு மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன அண்ணே, மாடியில வெயில் நல்லா விழுதா?"

அவ்வளவுதான். இதற்காகத்தான் இத்தனை நாள் இருட்டில் துணி காயப்போட்டிருக்கிறேன்.

காய்ந்ததை இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனேன். மேனேஜரின் மேசையில் வைத்தேன்.

"சார், அவ துணிய நான்தான் துவைக்கிறேன். வண்டி ஓட்டுறதுல குறை இருந்தா அவளச் சொல்லுங்க. நாத்தத்துக்கு என்னைத் திட்டுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சட்டையின் காலரைத் திருப்பிப் பார்த்தார். எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"இந்தக் காலர் அழுக்க எப்படிப்பா எடுக்கற? எங்க வீட்டுல நான் என்ன தேய்ச்சாலும் போக மாட்டேங்குது."

அவளைத் திட்டிய அதே வாய்! எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன.

"கதவத் தொறங்க சார். அவள எல்லாரும் கேக்கத்தானே திட்டினீங்க? பயிற்சி வேலை அவளுக்குத்தான்னு அதே மாதிரி எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. காலர் விஷயத்த நான் காதோட காதா சொல்லித் தர்றேன்."