திரிந்துபோன சொதியும் ஒன்பது பேரும்

முதல் ஷிஃப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து ஃபோனில் எங்கள் சின்னச் சமையல் குழுவுக்கு அந்தப் படத்தை அனுப்பிவிட்டேன். அனுப்பிய கையோடு ஃபோனைப் பைக்குள் போட்டேன். படத்தில் இருந்தது நான் வைத்த சொதி, தேங்காய்ப்பாலில் செய்கிற எங்கள் திருநெல்வேலிக் குழம்பு. பால் திரிந்து திட்டுத்திட்டாகக் கிடந்தது. கீழே ஒரே வரி: "ஏன் திரியுதுன்னு யாராச்சும் சொல்லுங்களேன்."

ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெரிய சமையல் குழுவிலும் இதையேதான் கேட்டேன். லட்சக்கணக்கில் ஆள் இருக்கிற குழு. படப்பையில் எங்கள் அறையில் காஸ் அடுப்பு வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். சோறு, குழம்பு, ரசம் எல்லாம் ஒரே கரண்ட் குக்கரில்தான். அதைச் சொல்லிச் சந்தேகம் கேட்டது ஒரு குற்றமா? ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டு வேலை முடித்து வந்து பார்த்தால், கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. "இதச் சாப்பிடறதுக்குப் பட்டினியே கிடக்கலாம்" என்று ஒரு மகராசி எழுதியிருந்தாள். முன்னப்பின்னே தெரியாதவளுக்கு என்ன வாய்! அன்றைக்கு மூடிய வாய்தான்.

இந்தக் குழுவில் என்னோடு சேர்த்து ஒன்பதே பேர். எல்லோரும் ஒற்றைக் குக்கரில் காலம் தள்ளுகிற தொழிற்சாலைப் பெண்கள். லைனில் பக்கத்தில் நிற்பவள் சேர்த்துவிட்டாள். மூன்று மாதம் வேடிக்கை பார்த்ததோடு சரி.

படம் அனுப்பிய அன்று முழுக்கக் கை லைனில் ஓடியது, மனசு லாக்கரிலேயே கிடந்தது. இவர்களும் சிரித்தால் இனிமேல் எங்கேயும் ஒரு எழுத்து எழுதுவதில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். ஷிஃப்ட் முடிந்ததும் ஓடிப்போய்த் திறந்தேன். ஒன்றுமே இல்லை! சிரிப்புகூட இல்லை. "உனக்கு இது தேவையா, மூதேவி?" என்று என்னையே திட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ் கேட்டைத் தாண்டவில்லை, ஃபோன் அதிர்ந்தது. அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அவர்கள் ஃபோனும் லாக்கரில்தானே இருந்திருக்கும்! ஸ்ரீபெரும்புதூர்க்காரி ஒருத்தி குரலில் அனுப்பியிருந்தாள்: "இன்னாமே, கெட்டிப்பால கொதிக்கசொல்லவா ஊத்துன? பிளக்க புடுங்கிட்டு, ஆறிக்கினு இருக்கசொல்ல ஊத்து. எனக்கும் ரெண்டு தபா திரிஞ்சிகீது." பின்னாலேயே மதுரைக்காரி: "முழுசா எப்படி வைக்கிறதுன்னு சொல்லு புள்ள, நானும் வச்சுப் பாக்கறேன்." எனக்கு வந்த சந்தோஷத்தில், ஓடுகிற பஸ்ஸில் இஞ்சிச் சாற்றிலிருந்து எலுமிச்சை பிழிவது வரை நாலு நிமிஷம் பேசி அனுப்பினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே!

ஞாயிற்றுக்கிழமை மதியம் குழுவில் ஐந்து குக்கர்களின் படம். ஐந்திலும் சொதி! என்னுடையது திரியாமல் வெள்ளைவெளேரென்று இருந்தது. ஸ்ரீபெரும்புதூர்க்காரியுடையது மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது. கேட்டால், சப்பென்று இருந்ததாம், சாம்பார் பொடி போட்டாளாம்.

நான் யோசிக்கவே இல்லை. பட்டனை அழுத்திக் கத்தினேன்: "அடிப்பாவி! சொதியில சாம்பார் பொடியா? தெரிஞ்சா எங்க ஊருக்குள்ளயே உன்னைய விடமாட்டாவ!"

மளமளவென்று வந்து விழுந்தன, அதே கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள். எண்ணிப் பார்த்தேன், எட்டு. ஒன்பதாவதை நானே போட்டேன்.