இந்தக் காற்றில் பறக்காது

கொக்கியை மேலே சுருட்டி, பிரேக்கைத் தளர்த்தி, கிரேனின் நீண்ட கையைக் காற்றின் போக்கில் திரும்ப விட்டுவிட்டு அவன் ஏணியில் இறங்கத் தொடங்கினான். பலத்த காற்றில் அந்தக் கையைப் பூட்டி வைக்கக் கூடாது. பூட்டினால்தான் கிரேன் சாயும். கேபினில் காற்றின் வேகத்தைக் காட்டும் சின்னத் திரை சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. மழை பக்கவாட்டில் அடித்தது.

கீழே தார்ப்பாய்க்கு அடியில் கொடிக்காரர் நின்றிருந்தார். தரையில் நின்று கொடியசைத்து அவனுக்குச் சைகை காட்டுவது அவர் வேலை. அவன் எப்போதும் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் 'மேல்வீட்டுக்காரர்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். வேலையிடம் முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"என்ன மேல்வீட்டுக்காரரே, வீட்டைப் பூட்டியாச்சா? சாயங்காலம் ஃப்ளைட்டுன்னீங்களே, கிளம்புங்க."

"எங்க கிளம்புறது? இந்தக் காத்துல நான் ஒரு கம்பிக்கட்டைத் தூக்கலே. அவன் எரநூறு பேரைத் தூக்கிடுவானா?"

"அவனுக்கு றெக்கை இருக்கு. உங்களுக்குக் கொக்கிதானே இருக்கு."

"றெக்கை இருந்தா காத்து இன்னும் சுலபமா புடிச்சு இழுக்கும். இத்தனை வருஷமா காத்தோட குடித்தனம் பண்றேன், எனக்கே சொல்றீங்களா?"

"அட, போகுதோ போகலையோ, அங்க போய் உக்காருங்க. உக்கார்றதுக்கா உங்களுக்குச் சொல்லித்தரணும்?"

அவன் சிரித்துவிட்டு அறைக்குப் போனான்.

அறையில் பை கட்டி வைத்தபடி இருந்தது. ஈரச் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான். போகாது என்று நினைத்த மாத்திரத்தில் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. அது என்னவென்று அவனுக்குத் தெரியாமல் இல்லை.

அப்பா படுத்த படுக்கையாகி நான்கு வருடம் ஆகிறது. அண்ணன் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அப்பாவைத் திருப்பிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அண்ணி. அவன் வருடத்துக்கு ஒருமுறை பெட்டியோடு போய் இறங்குவான். அண்ணி மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போடுவார். அவன் அப்பாவின் அறை வாசலில் நின்று "எப்படிப்பா இருக்கீங்க?" என்பான். துணி மாற்றும் நேரம் நெருங்கினால், ஏதோ வாங்க மறந்தவனைப் போலக் கடைக்குப் போய்விடுவான். அண்ணி ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

இப்போது அண்ணியின் மகளுக்குத் தலைப்பிரசவம். அவளைக் கட்டிக்கொடுத்தது வேறு ஊரில்; அப்பா இருக்கும் நிலையில் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர முடியவில்லை. "நான் பத்து நாள் லீவுல வந்து அப்பாவைப் பாத்துக்குறேன், நீங்க பொண்ணுகூட இருங்க அண்ணி" என்று வாய் நிறையச் சொன்னது அவன்தான். யாரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை. இரவு அவன் போய்ச் சேர்ந்தால், விடிந்ததும் அண்ணி பஸ் ஏறுவதாக ஏற்பாடு.

அண்ணிக்குப் போன் செய்தான்.

"இங்க பேய்க்காத்து அண்ணி. ஃப்ளைட் போகாது போல."

"போகாதுன்னு சொல்லிட்டாங்களா?"

விமான நிலையத்தை அவன் விசாரித்திருக்கவே இல்லை. "சொல்லிட்டாங்க" என்றான். "ரத்துன்னுட்டாங்க."

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க தம்பி. மழையை நீங்களா கூப்பிட்டீங்க? குளிர்ல அலையாதீங்க, சாப்பிட்டுப் படுங்க."

அவன் சாப்பிட்டான். படுத்தான். தூங்கியும் போனான்.

விழித்தபோது மழையின் சத்தம் இல்லை. ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது. வெளியே வந்து பார்த்தான். கிரேனின் கை ஆடாமல் நின்றது. அதற்கு அப்பால், விமான நிலையம் இருந்த திசையில், ஒரு விமானம் மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அது வேறு ஊருக்குப் போவதாகவும் இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போனில் தேடினான். அவனுடைய விமானம் தாமதமாகப் புறப்பட்டிருந்தது.

போன் கையிலிருந்தபோதே அடித்தது. அண்ணி.

அடித்துக்கொண்டே இருந்தது. நின்று, மறுபடி அடித்தது. எடுத்தான்.

"ஐயோ, போனை எடுத்துட்டீங்களே தம்பி" என்றார் அண்ணி.

அவனுக்குப் புரியவில்லை.

"ஃப்ளைட் கிளம்பிடுச்சுன்னு உங்க அண்ணன் போன்ல பாத்துச் சொன்னார். கடைசி நேரத்துல உங்களையும் ஏத்திக்கிட்டாங்களாக்கும்னு நெனச்சேன். போனை எடுக்கலேன்னா நீங்க மேல பறக்குறீங்கன்னு அர்த்தம். என் பையைக்கூட மறுபடி கட்டி வெச்சுட்டேன்."



"ரத்து ஆகலே அண்ணி. நான் விசாரிக்கவும் இல்லே, போகவும் இல்லே. போகாதுன்னு நானா முடிவு பண்ணிட்டேன்."

"ம்."

"கிரேன் ஓட்டுறவன் புத்தி அண்ணி. அந்தக் காத்துல எதுவும் எழும்பாதுன்னு..."

சொல்லும்போதே அது முழு உண்மையில்லை என்று அவனுக்கே கேட்டது. நிறுத்திக்கொண்டான். அண்ணியும் மிச்சத்தைக் கேட்கவில்லை.

"அவளுக்கு வலி எடுத்திருச்சு. மாமியார் கூட இருக்காங்களாம்" என்றார். "எப்பம்மா வருவேன்னு கேட்டா. விடிஞ்சதும் கிளம்புறேன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். அடுத்த ஃப்ளைட் எப்ப?"

"காலையில."

"அதுலயாவது ஏறுங்க. வைக்கிறேன், மாமாவைத் திருப்பிப் போடணும்."

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. விமானம் நேரத்துக்குப் புறப்பட்டது. அவன் இறங்கிப் போனை உயிர்ப்பித்தபோது அண்ணனின் செய்தி இருந்தது: விடியற்காலையில் பெண் குழந்தை, இருவரும் நலம். வீட்டில் அண்ணி கதவைத் திறந்து "வாங்க தம்பி" என்றார். துண்டுகள் இருக்கும் இடம், முதுகுப் புண்ணுக்குப் போடும் மருந்து, எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் படுக்கவைக்க வேண்டும் என்பதையெல்லாம் காட்டினார். நாற்காலி போடவில்லை. மதியத்துக்குப் பிறகு பஸ் ஏறினார். அப்பாவின் துணியை அவன் முதல்முறை மாற்றியபோது சரியாக வராமல் விரிப்பெல்லாம் நனைந்தது. இரண்டாம் முறை பரவாயில்லை. அப்பா இரண்டு தடவை அண்ணி எங்கே என்று கேட்டார். இருட்டிய பிறகு அண்ணன் வந்தார். இருவரும் சாப்பிட்டார்கள். போய்ச் சேர்ந்துவிட்டதாக அண்ணி அண்ணனுக்குப் போன் செய்தார். அவனிடம் கொடுக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை; பேசி முடித்து அண்ணன் போனை வைத்துவிட்டார்.