அக்கா மகன் கையெழுத்துப் போடாத விமானம்

அக்கா மகன் விமானப்படையில் மெக்கானிக். லுணுகலைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து அந்த வேலைக்குப் போனவன் அவன் ஒருவன்தான். அவன் போர் விமானங்களைக் கழற்றிப் பூட்டுகிற கதையைக் கேட்டுக் கேட்டு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. அக்கா விடுவதாக இல்லை.

இந்த வருடச் சுதந்திர தின அணிவகுப்பில் அவன் பழுது பார்க்கும் விமானம் பறக்கப்போகிறது என்று தெரிந்ததும் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. கோயிலுக்குப் போய் அந்த விமானத்தின் பேரிலேயே அர்ச்சனை செய்யச் சொன்னாள். பூசாரி வழக்கம்போல, "ராசி, நட்சத்திரம் சொல்லுங்க" என்றார். அக்கா சளைக்கவில்லை. மகனுக்குப் போன் போட்டு, விமானம் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய தேதியைக் கேட்டாள். பூசாரியும் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன்.

அன்று காலை எங்கள் டிவி முன்னால் லயமே உட்கார்ந்திருந்தது. படைகள் நடந்தன, ஹெலிகொப்டர்கள் போயின, நிகழ்ச்சியும் முடிந்தது. போர் விமானம் வரவேயில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாரும் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை.

மத்தியானம் அவனே கூப்பிட்டான். இரண்டு வார்த்தை கேட்டதும் அக்கா போனை என் கையில் திணித்தாள்.

"ஒரு ரப்பர் வளையம் தேஞ்சுபோச்சு மாமா. வித்த நாட்டுக்காரங்கதான் அனுப்பணும். மாசக்கணக்கா எழுதியும் வரல. இங்கயே ஒன்னு செஞ்சோம், அளவு அச்சு அசலா இருக்கு. ஆனா மேல போனா அந்தச் சூட்டைத் தாங்குமான்னு எனக்குத் தெரியாதே. பறக்கலாம்னு கையெழுத்துப் போட வேண்டியது நான். போடல."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு நாட்டின் போர் விமானம் யாரோ அனுப்ப வேண்டிய ரப்பர் வளையத்துக்காகக் காத்துக் கிடப்பதா? ஆனால் நாடே பார்க்கிற நாளில், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? அவனை நினைத்துப் பெருமையாக இருந்தது. அக்காவுக்கு இல்லை. "ஒரு கையெழுத்துதானே, போட்டா என்னவாம்?" என்று அழுதாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை, அக்காவும் கொழுந்து பறிக்கும் மற்றப் பெண்களும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் நின்றார்கள். ஃபேக்டரிக்குப் போகிற வழியில் நானும் அங்கே நின்றேன். ஒருத்திக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்னக்கா, ஒங்க மகனோட பிளேன் எங்க?"

அக்கா கூடையை இறக்கி வைத்தாள்.

"நிக்குது. என் மகன்தான் நிப்பாட்டினான்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அதுல ஏறுற புள்ளையோட அம்மாவும் நேத்து டிவி பாத்துக்கிட்டுத்தானே இருந்திருப்பா."